மிதித்தால் கிறீச்சொலி, விட்டால் மோதல்: ஒளிவிழாவுக்கு முன் ஒரு பியானோ பெடலை அடக்கிய விதம்

எங்கள் மண்டபத்துப் பியானோவின் வலது பெடலில் மூன்று வெவ்வேறு சத்தங்கள் கலந்திருந்தன என்பது கீழ்ப் பலகையைக் கழற்றிய பிறகுதான் தெளிவாயிற்று. மிதிக்கத் தொடங்கும்போது ஒரு கூர்மையான கிறீச்சொலி எழுந்தது. பெடல் பாதி வழி இறங்கியதும் மரம் முறுகும் ஒலி கேட்டது. காலை எடுத்ததும் பெட்டிக்குள் எதுவோ மோதியது. மூன்றுக்கும் காரணம் வேறு, இடம் வேறு, செய்ய வேண்டிய வேலையும் வேறு. மூன்றும் இப்போது அடங்கியிருக்கின்றன. கடலை ஒட்டிய ஊர்களில் பழைய பியானோவை வைத்துக்கொண்டு, ரியூன் செய்பவர் (சுருதி சேர்ப்பவர்) வரும்வரை காத்திருக்க வேண்டிய நிலையில் உள்ளவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால், செய்த வேலையை வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

இது ஜப்பானில் செய்யப்பட்டு, அங்கே பல ஆண்டுகள் வாசிக்கப்பட்டபின் இறக்குமதியான, மூன்று பெடல்கள் கொண்ட அப்ரைட் பியானோ. மண்டபம் திருகோணமலை டச்பே கடற்கரையிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. ஆடி மாதம் வீசும் கச்சான் காற்றில் மரம் வற்றிச் சுருங்குகிறது. ஐப்பசியில் வாடைக் காற்றோடு மழை தொடங்கியதும் அதே மரம் ஈரத்தை உறிஞ்சி ஊதுகிறது. பியானோவுக்கு ஏறக்குறைய 40 முதல் 60 சதவீதம் வரையான ஈரப்பதமே நல்லது என்பார்கள். திருகோணமலையில் மார்கழி மழை நாட்களில் அது 80ஐத் தாண்டி நிற்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் முதலில் தளர்வன திருகாணிகள். அடுத்துக் கெடுவன ஃபெல்ட் எனும் அழுத்திய கம்பளித் துணியும் தோலும். உப்புக் காற்று ஸ்பிரிங்குகளைத் துருப்பிடிக்க வைக்கிறது. பெடல் அமைப்பின் பெரும்பகுதி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இருப்பதால், கூட்டும் தூசியும் கழுவும் நீரும் முதலில் சேர்வதும் அங்கேதான்.

பியானோ வாசிக்கும் ரீச்சர் குறையைச் சொன்ன விதமே பாதி வேலையை எளிதாக்கியது. “தம்பி, மிதிச்சா கிறீச் எண்டு கத்துது, விட்டா டொக் எண்டு இடிக்குது. பிள்ளையள் மெதுவாப் பாடுற இடத்தில அதுதான் பெரிசாக் கேக்குது” என்றார். மிதிக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று என்று பிரித்துச் சொன்னதால், உராய்வையும் மோதலையும் தனித்தனியாகத் தேட வேண்டும் என்பது தொடக்கத்திலேயே புரிந்தது. நத்தாரை (கிறிஸ்மஸ்) ஒட்டி நடக்கும் ஒளிவிழாவில் சிறுவர் பாடற்குழுவுக்காக ஒலிவாங்கிகளைத் தாழ்வாக வைப்பார்கள். அவற்றில் ஒன்று பியானோவின் கால்மாட்டுக்கு மிக அருகில் வருவதும் இந்த அவசரத்துக்கு ஒரு காரணம். வழக்கமாக ரியூன் செய்பவர் கொழும்பிலிருந்து சுமார் 260 கிலோமீற்றர் வர வேண்டியவர். நத்தார் காலத்தில் அவருக்கு ஓய்வே கிடையாது, தை பிறந்த பின்னரே வர முடியும் என்று சொல்லிவிட்டார். ஆகவே தற்காலிகமாக ஏதேனும் செய்தே ஆக வேண்டும். அவர் வந்து பார்க்கும்போது எல்லாவற்றையும் சிரமமில்லாமல் கழற்றிவிடக் கூடியதாகவும் அது இருக்க வேண்டும். வேலை முழுவதிலும் நான் விட்டுக்கொடுக்காத விதி இதுதான்: திரும்ப எடுக்க முடியாத எதையும் உள்ளே வைக்கவோ ஊற்றவோ கூடாது.

எடுத்துக்கொண்ட கருவிகள் மிகச் சாதாரணமானவை: நீளமான ஒரு பிலிப்ஸ் ஸ்குரூட்ரைவர், தட்டையான ஒரு சிறிய ஸ்குரூட்ரைவர், கூர்மூக்குக் குறடு, 10 மில்லிமீற்றர் ஸ்பானர், தடிப்பு அளக்கும் வேர்னியர், தலையில் மாட்டும் டோர்ச், பழைய பல்துலக்கும் பிரஷ், வர்ணம் பூசும் ஒரு மெல்லிய தூரிகை. இவற்றோடு, மீன் தொட்டிக்குக் காற்றுச் செலுத்தும் தெளிவான பிளாஸ்ரிக் குழாய் ஒரு மீற்றர் அளவில். இந்தக் குழாயின் பயன் பின்னால் வரும்.

கீழ்ப் பலகையைக் கழற்றுவது கடினமில்லை. வாசிக்கும் கட்டைகள் இருக்கும் தட்டின் அடிப்பக்கத்தில், நடுவில், ஒரு பட்டை ஸ்பிரிங் பலகையின் மேல் விளிம்பைப் பிடித்திருக்கிறது. அதை விரலால் மேலே அழுத்தினால் பலகை முன்னோக்கிச் சாயும். இரு கைகளாலும் சற்றுத் தூக்கி வெளியே எடுக்கலாம். கனமான பலகை என்பதால் இருவர் இருப்பது நல்லது. உள்ளே எலி இல்லை. ஆனால் பல்லி முட்டை ஓடுகளும் கரப்பான் எச்சமும் ஒரு கைப்பிடி மணலும் இருந்தன. அவற்றை உறிஞ்சியும் துடைத்தும் எடுத்தபின் எதையும் தொடாமல் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்துக்கொண்டேன். நட்டுகள் எந்தப் புரியில் நின்றன என்பதை வெள்ளைப் பென்சிலால் அடையாளமிட்டேன்.

இந்தப் பியானோவில் பெடலின் முன்பகுதி தாழும்போது, அதோடு திருகுக் கம்பியால் இணைந்த நீண்ட மர நெம்புகோலின் ஒரு முனை கீழிறங்குகிறது. நெம்புகோல் நடுவிலுள்ள அச்சில் சாய, அதன் மறுமுனை இடது ஓரத்தில் மேலெழுந்து, நிமிர்ந்து நிற்கும் ஒரு மரக் கோலைத் தள்ளுகிறது. அந்தக் கோல் மேலே போய், கம்பிகளின் ஒலியை அடக்கும் ஃபெல்ட் பட்டைகளான டாம்பர்கள் அனைத்தையும் ஒருசேரக் கம்பிகளிலிருந்து விலக்குகிறது. காலை எடுத்தால், நெம்புகோலோடு சேர்ந்திருக்கும் எஃகுப் பட்டை ஸ்பிரிங் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் தள்ளுகிறது. மிதிக்கும் இடம் வலது பக்கம், வேலை முடியும் இடம் இடது ஓரம். இடையில் உலோகமும் மரமும், உலோகமும் தோலும் சந்திக்கும் இடங்கள் பல. அவற்றில் எது கத்துகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. கண்டுபிடித்த பிறகு செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம்.

வெறும் காதை இதில் நம்ப முடியாது. அடிப்பலகை மத்தளத் தோல் போல எல்லா அதிர்வையும் வாங்கிப் பரப்புவதால், எங்கோ எழும் சத்தம் பெடலுக்கு நேர் கீழே எழுவதாகவே கேட்கும். எனக்கும் முதலில் பித்தளைப் பெடலின் அச்சில்தான் சந்தேகம் விழுந்தது. அச்சைத் துடைத்து, மெழுகு தேய்த்துப் பார்த்ததில் எந்த மாற்றமும் இல்லை. அதன் பிறகுதான் பிளாஸ்ரிக் குழாயை எடுத்தேன். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு மூட்டுக்கும் அரை அங்குலம் தள்ளிப் பிடித்து, இன்னொருவரைப் பெடலை மிக மெதுவாக அழுத்தச் சொன்னால், சத்தம் பிறக்கும் இடத்தில் அது திடீரென்று பெரிதாகக் கேட்கும். அடுத்த மூட்டுக்கு நகர்த்தினால் மங்கிவிடும். மருத்துவர் நெஞ்சில் வைத்துக் கேட்கும் கருவி கிடைத்தால் அது இன்னும் நல்லது; ஆனால் குழாயே போதுமானது.

இதோடு மூன்று சோதனைகள் செய்தேன். முதலாவது, மரக் கோலை நெம்புகோலிலிருந்து விடுவித்துப் பெடலை மட்டும் மிதித்தல்: சத்தம் தொடர்ந்தால் குறை கீழே, நின்றால் மேலே. இங்கே தொடர்ந்தது. இரண்டாவது, பெடலைத் தொடாமல் நெம்புகோலின் முனையைக் கையால் தூக்குதல்: கிறீச்சொலி அப்போதும் வந்ததால், பெடல் குற்றமற்றது என்று உறுதியாயிற்று. மூன்றாவது, நெம்புகோலைக் கையில் தாங்கியபடி ஸ்பிரிங்கின் முனையை ஸ்குரூட்ரைவரால் சற்று விலக்கிப் பிடித்து அசைத்தல்: சத்தம் முற்றாக நின்றது. பட்டை ஸ்பிரிங்கின் நுனி, நெம்புகோலின் அடியில் ஒட்டியிருந்த தோல் துண்டின் மீது வழுக்கிச் செல்ல வேண்டும். அந்தத் தோல் தேய்ந்து, நடுவில் ஓட்டை விழுந்து, துருப்பிடித்த எஃகு நேரே மரத்தை உரசிக்கொண்டிருந்தது. மரத்தில் விரல் நகம் பதியும் ஆழத்துக்கு ஒரு கோடு வெட்டியிருந்தது.

அந்தக் கோட்டைச் சுற்றிக் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஏதோ அப்பியிருந்தது. முன்னர் யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள். சத்தம் போடும் கதவுக்கு எண்ணெய் விடுவது நம் எல்லோருக்கும் பழக்கம் என்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பியானோவுக்குள் அது வேண்டவே வேண்டாம். தேங்காய் எண்ணெய் நாளடைவில் காறித் தூசியோடு சேர்ந்து பிசுபிசுக்கும். தையல் இயந்திர எண்ணெய் ஃபெல்ட்டில் ஊறித் தூசியைப் பிடித்து வைக்கும். துருவை இளக்கும் ஸ்பிரே வகைகள் அவற்றைவிட மோசம்: தெளிக்கும் புகை எங்கெல்லாம் படிகிறது என்று நமக்குத் தெரியாது. அது கம்பிகளின் முறுக்காணிகள் இறுகி நிற்கும் மரத்தை அடைந்தால், பியானோ இனிச் சுருதியில் நிற்காது என்ற நிலை வரலாம். ஒரு கிறீச்சொலிக்காக அந்த ஆபத்தை ஏற்பது நியாயமில்லை.

பாமசியில் வாங்கிய சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பருத்தித் துணியில் தொட்டு, பிசுக்கு முழுவதையும் துடைத்தெடுத்தேன். துணியைத்தான் நனைக்க வேண்டும். மரத்தின் மீது ஊற்றக் கூடாது. பளபளப்பான வெளிப் பலகையில் ஒரு சொட்டும் படக் கூடாது, மெருகு கெடக்கூடும். ஸ்பிரிங்கின் நுனியை 400 இலக்க சாண்ட் பேப்பரால் துரு நீங்கி வழவழப்பாகும்வரை தேய்த்தேன். தேய்க்கும்போது அடியில் பழைய பத்திரிகைத் தாளை விரித்து, தூள் எதுவும் உள்ளே விழாமல் பார்த்துக்கொண்டேன்.

அடுத்தது தோல். மத்திய வீதிப் பக்கம் செருப்புத் தைக்கும் ஐயா ஒருவரிடம் கழிவுத் துண்டுகளைக் கேட்டபோது, பெட்டியைத் திறந்து எனக்கு முன் கொட்டிவிட்டார். எது வேண்டும் என்று தெரிந்து தேட வேண்டும்: பிளாஸ்ரிக் பூச்சுள்ள செயற்கைத் தோல் கூடாது, பளபளப்பாக மெருகேற்றியதும் கூடாது, ஒரு பக்கம் மென்மயிர் போன்ற சொரசொரப்புள்ள, ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் தடிப்பான, விரலில் வளையும் உண்மைத் தோல் வேண்டும். அதில் 25க்கு 40 மில்லிமீற்றர் அளவில் ஒரு துண்டு வெட்டி, மென்மயிர்ப் பக்கம் ஸ்பிரிங்கைப் பார்க்கும்படி பழைய தோலின் இடத்தில் ஒட்டினேன். பசை, தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசை. அதுவும் ஓரங்களில் மட்டும். நடுவில் பசை ஊறினால் தோல் இறுகி மீண்டும் சத்தமிடும். வெந்நீர்த் துணியை வைத்தால் இந்தப் பசை இளகி வந்துவிடும். உடனே ஒட்டும் சிறு குப்பிப் பசையை நான் தவிர்த்ததற்குக் காரணம், அது தோலைக் கண்ணாடி போல இறுக்கிவிடும், பின்னர் மரத்தைச் செதுக்கித்தான் எடுக்க வேண்டும் என்பதே.

தோலின் மீது பூசுவதற்குக் கிராபைட் வேண்டும். பூட்டுக்குப் போடும் கிராபைட் தூள் நான் கேட்ட ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கவில்லை. படம் வரையும் 6பி பென்சிலின் கரியில் பெருமளவு கிராபைட்தான். அதோடு சிறிது களிமண்ணும் சேர்ந்திருக்கும். பி வரிசையில் எண் கூடக் கூடக் களிமண் குறையும் என்பதால் எச்பி பென்சிலைவிட 6பி மேல். இரண்டு பென்சில்களைப் பிளந்து கரியை எடுத்து, சாண்ட் பேப்பரில் தேய்த்து, மெல்லிய பருத்தித் துணியில் சலித்ததில் ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. சலிக்காமல் விட்டால் சிறு கட்டிகள் தோலை அராவும். தூளைத் தூரிகையால் தோலில் தேய்த்து ஊட்டினேன். ஸ்பிரிங்கின் நுனிக்கு மட்டும், தூளில் பயறளவு வஸ்லினைக் குழைத்து, விரலில் தெரியாத அளவுக்கு மெல்லிதாகப் பூசினேன். வஸ்லின் உலோகத்தின் மீது மட்டும். மரத்துக்கும் ஃபெல்ட்டுக்கும் தூள் மட்டும். இந்தப் பிரிவினையைக் கடைப்பிடித்தால் பிசுக்குச் சேராது. பசை காய ஓர் இரவு விட்டு, மறுநாள் மிதித்தபோது கிறீச்சொலி முற்றாகப் போயிருந்தது. அந்த அமைதியில்தான் மற்ற இரண்டு சத்தங்களும் எவ்வளவு பெரியவை என்பது கேட்டது.

முறுகல் ஒலியின் காரணம் பெடல்களைத் தாங்கும் இரும்புப் பிடிகளில் இருந்தது. ஒவ்வொரு பிடியும் அடிப்பலகையில் திருகாணிகளால் பூட்டப்பட்டிருக்கிறது. வலது பெடலின் பிடியில் இரண்டு திருகாணிகள் இறுகாமல் சும்மா சுழன்றன. ஈரத்தில் ஊதியும் வெயிலில் சுருங்கியும் துளைகள் அகன்றுவிட்டன. மிதிக்கும்போது பிடி முழுவதும் ஒரு மயிரிழை எழும்பி மரத்தில் உராய்ந்தது. பெரிய திருகாணி போட்டால் உடனே இறுகும். ஆனால் அது திரும்ப எடுக்க முடியாத வேலை, அளவு தவறினால் பலகை வெடிக்கும். ஈர்க்கு இதற்கு மிகப் பொருத்தமாக அமைந்தது. நன்றாகக் காய்ந்த விளக்குமாற்று ஈர்க்குகளின் அடிப்பகுதியை 20 மில்லிமீற்றர் நீளத்தில் நறுக்கி, வெள்ளைப் பசையில் தோய்த்து, ஒரு துளைக்கு மூன்றாகச் செருகி, பலகை மட்டத்துக்கு வெட்டிவிட்டுப் பழைய திருகாணிகளையே கையால் முடுக்கினேன். தீக்குச்சியும் பாவிக்கலாம், ஆனால் அது மென்மையான மரம், சீக்கிரம் நசுங்கும். ஈர்க்கின் நார் திருகாணியின் புரியைக் கடித்துப் பிடிக்கிறது. நேரமே இல்லாதவர்கள் பசையில்லாமல் காய்ந்த ஈர்க்கைச் செருகி முடுக்கினாலும் சில வாரங்களுக்கு நிற்கும். மின்சார முடுக்கியை இங்கே எடுக்கவே கூடாது. கடைசிக் கால் சுற்றை மணிக்கட்டுத்தான் உணர வேண்டும்.

நெம்புகோலின் அச்சிலும் சற்று ஆட்டம் இருந்தது. அச்சுக் கம்பியைச் சுற்றியிருந்த ஃபெல்ட் உள்வளையம் தேய்ந்து, கம்பி பக்கவாட்டில் ஆடியது. புதிய ஃபெல்ட் வளையம் போடுவது நிபுணரின் வேலை. குழாய் பொருத்துபவர்கள் புரியில் சுற்றும் வெள்ளை டெஃப்ளான் ரேப்பின் தடிப்பு ஏறக்குறைய 0.075 மில்லிமீற்றர். கம்பியைக் கழற்றித் துடைத்து, அதில் அந்த ரேப்பை இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றியதும், ஆட்டம் போய், நெம்புகோல் தன் எடையிலேயே விழும் அளவுக்குத் தளர்வும் மிஞ்சியது. மூன்றாவது சுற்றில் நெம்புகோல் இறுகி, நடுவழியில் நின்றது. எனவே ஒரு சுற்றைக் கழற்றினேன். தன் எடையில் விழ வேண்டும் என்பதை அளவுகோலாக வைத்துக்கொண்டால் தவறாது.

மூன்றாவது சத்தமான மோதல்தான் அதிக நேரம் எடுத்தது. காலை எடுத்ததும் பெடல் மேலே வந்து, முன்பலகையின் திறப்புக்கு உட்புறத்தில் உள்ள ஃபெல்ட்டில் மோதி நிற்க வேண்டும். அந்த ஃபெல்ட் 3 மில்லிமீற்றர் இருக்க வேண்டிய இடத்தில் 1 மில்லிமீற்றராக நசுங்கி, அட்டை போல இறுகியிருந்தது. ஒரு மூலையைப் பூச்சியும் தின்றிருந்தது. இது மட்டுமென்றால் புதியது வைத்தால் முடிந்தது. ஆனால் திருகுக் கம்பியின் நட்டும் காலப்போக்கில் தளர்ந்து கீழிறங்கியிருந்ததால், பெடல் 9 மில்லிமீற்றர் வெறுமனே இறங்கிய பின்னரே டாம்பர்கள் அசையத் தொடங்கின. திரும்பி வரும்போது அந்த வெற்று இடைவெளியில் பெடல் தடையின்றி வேகமெடுத்து வந்து மோதியது. வெற்று இடைவெளியைக் குறைக்காமல் ஃபெல்ட்டை மட்டும் மாற்றினால், புதிய ஃபெல்ட்டும் சில மாதங்களில் நசுங்கும்.

கம்பளி ஃபெல்ட் இங்கே கிடைப்பது அரிது. கைவேலைக்கு விற்கும் வண்ணத் தாள்கள் ஃபெல்ட் என்ற பெயரில் வந்தாலும் பெரும்பாலும் பொலியெஸ்ரர்; கசக்கினால் எழும்பாது, உலோகத்தில் உரசினால் மெல்லச் சீறும். பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி வைத்துப் பார்த்தேன்: மோதல் அடங்கியது, ஆனால் ரப்பர் பித்தளையைப் பற்றிப் பிடித்து, பெடல் மீண்டும் இறங்கும்போது ‘சப்’ என்று விடுபடும் புதிய சத்தத்தைக் கொடுத்தது. கடைசியில் கைகொடுத்தது ரென்னிஸ் பந்து. ஓரளவு நல்ல பந்தின் மேலுறையில் கம்பளியும் கலந்திருக்கும். தடிப்பு 3 மில்லிமீற்றரை ஒட்டி வரும். எழும்பும் தன்மையும் உண்டு. பந்தை வெந்நீரில் சிறிது நேரம் போட்டு, தையல் வரி போன்ற ரப்பர்க் கோட்டில் கத்தியைச் செருகி இழுத்தால் உறை இரு துண்டுகளாக உரியும். உட்புறத்தில் ஒட்டியிருக்கும் பசையைச் சுரண்டி, காயவைத்து, தடித்த புத்தகங்களுக்கு அடியில் வைத்துத் தட்டையாக்க வேண்டும்.

அதை இரட்டையாக வைத்தபோது மோதல் முழுவதும் மறைந்தது. ஆனால் பெடல் முழு உயரத்துக்கு வரவில்லை. டாம்பர்கள் கம்பிகளில் சரியாக அமரவில்லை என்பதை வாசித்தால் உடனே அறியலாம்: பெடலைத் தொடாமல், தாழ்ந்த சுரங்களை ஒவ்வொன்றாகக் குறுகத் தட்டிக் கையை எடுக்க வேண்டும், ஒலி அந்தக் கணமே அற்றுப் போக வேண்டும். இங்கே இடது பக்கத்துத் தாழ்சுரங்கள் சில, கையை எடுத்த பிறகும் ரீங்காரமிட்டன. வலது ஓரத்தில் மேலுள்ள ஏறக்குறைய இருபது சுரங்களுக்கு டாம்பரே கிடையாது என்பதால், அங்கே ஒலி நீடிப்பதைக் கண்டு குழம்பக் கூடாது. ஒற்றை அடுக்காகக் குறைத்தபின் ரீங்காரம் நின்றது.

அதன் பிறகு நட்டைச் சிறிது சிறிதாக, கால் சுற்று அளவில் ஏற்றி, ஒவ்வொரு முறையும் பெடல் எவ்வளவு இறங்கிய பின் டாம்பர்கள் அசைகின்றன என்பதை அளந்தேன். அளக்கும் முறை எளிது: பெடலின் நுனியோடு ஒரு அடிக்கோலைத் தரையில் நிமிர்த்தி வைத்து, ஒருவர் கையால் பெடலை மெல்ல அழுத்த, இன்னொருவர் மேற்பலகையைத் திறந்து டாம்பர்களைப் பார்த்து, அவை அசையும் கணத்தில் சொல்ல வேண்டும். வெற்று இடைவெளி 9 மில்லிமீற்றரிலிருந்து 3 மில்லிமீற்றருக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். பூச்சியமாக்கும் ஆசை வரும், அடக்க வேண்டும். மழை நாளில் மரம் ஊதி இன்னும் ஒரு மில்லிமீற்றர் போய்விட்டால், டாம்பர்கள் கம்பிகளில் அமராமல் நின்று எல்லாச் சுரங்களும் ஒன்றோடொன்று குழம்பும். அந்த 3 மில்லிமீற்றர்தான் நம் ஊர் ஈரத்துக்கு விட்டுவைக்கும் இடம்.

மரக் கோலின் மேல் முனையில் ஒரு சிறு முள் இருக்கிறது. அது நுழையும் இடத்தில் இருந்த ரப்பர் வளையம் கல்லாகியிருந்தது. அதைச் சுற்றி செருப்புத் தோலில் மிச்சமிருந்த மெல்லிய கீலத்தைக் கிராபைட் தடவிச் சுற்றி வைத்தேன். கோல் இடது ஓரத்துத் தூணில் உரசுகிறதா என்று பார்த்து, உரசிய இடத்தில் வெள்ளை மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டேன். இடது பெடலில் சுத்தியல்களை முன்நகர்த்தும் சட்டத்தின் அச்சுக்கு ஒரு சிட்டிகை கிராபைட் போதுமாயிற்று. நடுப் பெடல், கம்பிகளுக்கு முன் ஒரு ஃபெல்ட் திரையை இறக்கி ஓசையைக் குறைப்பதற்கானது. ஒளிவிழாவில் அதற்கு வேலையில்லை என்பதால் அதைத் தொடவில்லை.

எல்லாம் பூட்டிய பின்னும், பெடலைச் சட்டென்று மிதித்தால் உள்ளிருந்து ஒரு மெல்லிய மூச்சொலி கேட்கும். டாம்பர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கம்பிகளை விட்டு விலகுவதால் எழும் ஒலி அது; எந்தப் பியானோவிலும் ஓரளவு உண்டு, அதைத் திருத்தப் போகக் கூடாது. கூடுதலாக உதவுவது வாசிப்பவரின் பாதம். குதிகாலைத் தரையில் ஊன்றி, பெடலிலிருந்து பாதத்தை ஒருபோதும் முழுமையாக எடுக்காமல், எழும்பி வரும் பெடலோடு பாதமும் சேர்ந்து எழும்பினால், தேய்ந்த ஃபெல்ட்டில்கூட மோதல் பாதியாகக் குறையும். ரீச்சரிடம் இதைச் சொன்னபோது, பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலேயே தான் சொல்லிக்கொடுப்பது இதுதான் என்றும், சத்தத்துக்குப் பயந்து பயந்து மிதித்ததில் தன் பழக்கமே குலைந்திருந்தது என்றும் சொன்னார். வேலை முடிந்தபின் அவர் வாசித்த முதல் மெதுவான பாடலில் அந்தப் பயம் விலகியது தெளிவாகக் கேட்டது. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மகிழ்ச்சி அதுவே.

செலவுக் கணக்கு: 6பி பென்சில் இரண்டு 180 ரூபா, சிறிய வஸ்லின் 220, டெஃப்ளான் ரேப் 100, சேர்ஜிக்கல் ஸ்பிரிட் 250, ரென்னிஸ் பந்து 450, சாண்ட் பேப்பர் 80, தோல் கொடுத்த ஐயாவுக்கு 100. மொத்தம் 1,380 ரூபா. வெள்ளைப் பசையும் மெழுகுதிரியும் குழாயும் ஈர்க்கும் வீட்டில் இருந்தவை. பந்தை விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. விளையாடி மயிர் சற்றுத் தேய்ந்த பழைய பந்தின் உறை இன்னும் சமமாக இருக்கும், அடுத்த முறை அதையே தேடுவேன்.

கீழ்ப் பலகையைப் பூட்டுவதற்கு முன், எங்கெங்கே என்ன வைத்தேன், நட்டு முன்பு எங்கே இருந்தது, டெஃப்ளான் எத்தனை சுற்று, எந்தப் பசை என்று ஒரு தாளில் திகதியோடு எழுதி உட்புறத்தில் ஒட்டினேன். தைப்பொங்கல் கழிந்து ரியூன் செய்பவர் வந்தபோது முதலில் படித்தது அதைத்தான். தோல் துண்டை அவர் தொடவில்லை. ஈர்க்கு வைத்த திருகாணிகளை முடுக்கிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டார். ரென்னிஸ் பந்து உறையை எடுத்துவிட்டு முறையான கம்பளி ஃபெல்ட் வைத்தார். டெஃப்ளானைச் சுற்றிக் கழற்றி, அச்சுக்குப் புதிய உள்வளையம் போட்டார். அது தற்காலிகத்துக்குச் சரி, ஆனால் அழுத்தத்தில் ஓரங்களுக்குப் பிதுங்கிவிடும் என்றார். கழற்றிய ரேப்பைப் பார்த்தபோது, அந்தச் சில வாரங்களிலேயே ஒரு பக்கம் ஒதுங்கத் தொடங்கியிருந்தது. பெடல் மட்டுமே உள்ள பகுதியில் கிராபைட்டுக்கு ஆட்சேபமில்லை என்றும், கட்டைகளுக்கு அருகில் கொண்டுபோனால் கறுப்புத் தூள் வெள்ளைக் கட்டைகளிலும் விரல்களிலும் ஒட்டும் என்றும் எச்சரித்தார்.

அவரிடமிருந்து ஒரு சாண் கம்பளி ஃபெல்ட்டும், தோல் துண்டு ஒன்றும், ரப்பர் வளையங்கள் இரண்டும் வாங்கி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளோடு மூடிய டப்பாவில் வைத்திருக்கிறேன். இனி ஐப்பசி மழை தொடங்கும் முன்பே கீழ்ப் பலகையைக் கழற்றித் திருகாணிகளைத் தொட்டுப் பார்ப்பேன். பெடலின் வெற்று இடைவெளியை மழை நாளில் ஒன்றும் கச்சான் காலத்தில் ஒன்றுமாக அளந்து அதே தாளில் எழுதவும் எண்ணியிருக்கிறேன். அந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால், நட்டை எந்தப் பருவத்தில் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதை ஊகத்துக்கு விட வேண்டியதில்லை. நடுப் பெடலின் ஃபெல்ட் திரையைப் பூச்சி அரித்திருப்பதை வேலையின் போதே பார்த்தேன். அதற்கு 1.4 மீற்றர் நீளத்தில் மெல்லிய ஃபெல்ட் வேண்டும். இந்த அளவுக்குப் பந்து உதவாது, கொழும்பிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டும்.